எந்தச் செல்வி?

ஆவடி, பட்டாபிராம் பக்கம் ஏதாவது ஒரு கூட்டத்தில் நின்று "செல்வி" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். குறைந்தது நான்கு பேர் திரும்புவார்கள். திரும்பிய கையோடு "எந்தச் செல்வி?" என்று கேட்பார்கள். ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிற ஃபைண்ட் அப்படிக் கேட்காது. வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வரும். முதல் செல்வியைக் கண்டதும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நம் முன்னால் நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடும். பின்னால் இன்னும் மூன்று செல்விகள் நிற்பது அதற்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கச் சொல்லி அதற்கு யாரும் சொல்லவும் இல்லை.

எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். ஒரு காலத்தில் லேத் ஓடிய ஷெட்டுகளுக்கு நடுவில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, அதில் ஒன்று. அங்கே நாங்கள் வரிசையிலிருந்து ஒன்றை எடுப்பது ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கும், யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க வைத்தது பட்டாபிராம் பக்கத்தில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் இலவச மருத்துவ முகாம். பிரஷர், சுகர் பார்ப்பார்கள், ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுப்பார்கள். நடக்கிற இடம் ஷீட் போட்ட ஒரு ஹால். உள்ளே போனால் செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. அதனால் நோயாளிகள் பட்டியல் மொத்தமும் ஒரு லேப்டாப்பின் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. இன்டெக்ஸ்டு டிபி என்று பிரவுசருக்குள் ஒரு சின்னக் கிடங்கு உண்டு, அதில். பக்கத்தைத் திறந்ததும் அறுநூற்றுச் சொச்சம் பேரும் ஒரு வரிசையாக நினைவுக்கு வந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பதிவு: எண், பெயர், வயது, தெரு, போன், போன மாத பிரஷர், சுகர், மாத்திரை.

இதை முதலில் எழுதியவன் ஒரு கல்லூரிப் பையன். வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான். அவன் எழுதும்போது பட்டியலில் தொண்ணூறு பேர்தான். தொண்ணூறு பேரில் ஒரு செல்விதான் இருந்திருப்பார். பெயரைத் தட்டினால் ஃபைண்ட், வந்த ஆளின் பதிவு உடனே திரையில். அந்தத் தொண்ணூறு பேருக்கு அது நல்ல நிரல். நான் உதவிக்குப் போனபோது ஒன்பது செல்விகள் இருந்தார்கள், செல்வராணி, தமிழ்ச்செல்வியெல்லாம் சேர்க்காமல்.

அந்த ஞாயிறு வந்த செல்விக்கு அறுபது வயதிருக்கும். பெயரைச் சொன்னார், பதிவு திறந்தது, பிரஷர் பார்த்து 170/100 என்று எழுதினார்கள், சீட்டு மாத்திரை மேஜைக்குப் போனது. அங்கே இருந்த அக்காவுக்கு ஒரு பழக்கம். சீட்டில் உள்ளதைச் சத்தமாக வாசித்துத்தான் மாத்திரையை எண்ணுவார். "கிளிமிபிரைடு காலைல ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார். "எனக்கு சுகர் இல்லையேம்மா, பிரஷர் மட்டும்தான்" என்றார் செல்வி.

கிளிமிபிரைடு, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மாத்திரை. சர்க்கரை நோய் இல்லாதவர், அதுவும் வயதானவர், காலையில் அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். விழுகிற இடம் அடுப்படியா, ரயில்வே கேட்டா என்பதைப் பொறுத்து மற்றது.

இதில் பாதிக்கப்படவிருந்தது ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஃபைண்ட் கொண்டுவந்து தருவது நகல் கிடையாது, வரிசையில் இருக்கிற அதே ஆப்ஜெக்டைத்தான். அதில் நாம் எழுதுவது அந்த ஆளின் மேலேயே எழுதுவது. வந்தவரின் 170/100, வராத இன்னொரு செல்வியின் பதிவில் ஏறியிருந்தது. அந்தச் செல்வி அடுத்த மாதம் வந்திருந்தால், போன மாதம் இவ்வளவு இருந்ததே என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கலாம். நிரலில் ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. வரவும் வராது. 'செல்வி என்று பெயருள்ள ஒருவரைக் கொடு' என்று கேட்டோம், கொடுத்தது.

வரிசையிலிருந்து ஒன்றை எடுக்க மூன்று வழிதான் உண்டு. இடத்தைச் சொல்லலாம்: முதலாவது, பத்தாவது. எண்ணைச் சொல்லலாம். அல்லது அடையாளம் சொல்லலாம்: இந்தப் பெயர், இந்தத் தெரு. 2010-இல் ஜெரமி ஆஷ்கெனாஸ் வெளியிட்ட பேக்போன் என்ற நிரலகம் இதைச் சுத்தமாகப் பிரித்துவைத்திருந்தது. இடத்தைச் சொல்லிக் கேட்க 'அட்', எண்ணைச் சொல்லிக் கேட்க 'கெட்', அடையாளம் சொல்லிக் கேட்க வேறொன்று. இப்போது அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு, ஆனால் அந்தப் பிரிவு எனக்கு இன்னும் பிடிக்கும். என்ன கையில் வைத்துக்கொண்டு தேடுகிறோம் என்று எழுதும்போதே சொல்லியாக வேண்டும். 'கெட்' வரிசையில் நடந்து தேடாது. எண்ணுக்கு ஆள் என்று தனியாக ஒரு பேரேடு வைத்திருக்கும், நேராகப் போய் எடுக்கும். 2015-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கே மேப் என்ற அமைப்பு வந்தது, அதுவும் இதே வேலையைச் செய்கிறது. அறுநூறு பேருக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு எண்ணுக்கு ஓர் ஆள்தான் என்பதுதான் முக்கியம்.

அப்படியென்றால் எண்ணை வைத்தே தேடலாமே? அங்கே வேறொரு கதை. திரையில் உள்ள பெட்டியில் 112 என்று தட்டினால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எண்ணாக வராது, ஒன்று-ஒன்று-இரண்டு என்ற மூன்று எழுத்தாக வரும். மேப்புக்கு எண் 112 வேறு, எழுத்து 112 வேறு. அது தேடிவிட்டு 'அன்டிஃபைன்ட்' என்று ஒரு சொல்லைத் திருப்பித் தரும். பழைய பக்கத்தில் அந்தச் சொல் வந்தால் 'புதிய நோயாளியா?' என்று ஒரு பட்டன் வரும்படி வைத்திருந்தது. அவசரத்தில் யார் பட்டனை அமுக்க மாட்டார்கள்? அப்படி ஒரே ஆள் இரண்டாகப் பதிவானது பதினோரு பேர். செல்வி விஷயத்தில் பலர் ஒருவரானார்கள், இங்கே ஒருவர் பலரானார். இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும், தட்டியதை எண்ணாக மாற்றிவிட்டுத் தேட வேண்டும். செய்தாயிற்று.

ஆனால் எண் எழுதிய அட்டையை எடுத்துவருகிறவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். மகன் பர்ஸில் இருக்கும், மகன் ஒரகடத்தில் ஷிஃப்டில் இருப்பான். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போனது பலருக்கு. போன் நம்பர் கேட்கலாம், ஆனால் ஒரு வீட்டில் மாமியார், மருமகள், மாமனார் மூவருக்கும் ஒரே நம்பர். ஆதாரின் பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்க வைத்தது, தப்பாகத் தட்டினால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். கணக்காக நல்ல சாவிதான். ஆனால் பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவரிடம் ஆதார் கேட்க வேண்டாம் என்று முகாம் நடத்துகிறவர்கள் உறுதியாக இருந்தார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஆகவே திரும்பப் பெயருக்கே வந்தோம். தமிழில் பெயரைத் தேடுவது தனிக் கூத்து.

கோவிந்தம்மாள் என்று ஒரு பாட்டி. திரையில் பெயர் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். தேடினால் இல்லை என்கிறது. எழுத்துகளை எண்ணச் சொன்னேன். பட்டியலில் இருந்த கோவிந்தம்மாளுக்கு 14, நான் தட்டிய கோவிந்தம்மாளுக்கு 13. காரணம் முதல் எழுத்து. யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்று, அல்லது க-வுக்குப் பின் ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பு ஒன்று, காலும் சேர்த்து இன்னொன்று. கொ, கௌ இரண்டுக்கும் இதே கதைதான். கண்ணுக்கு ஒரே எழுத்து. இயந்திரத்துக்கு வேறு வேறு. முதல் தொண்ணூறு பேரின் பெயர்கள் ஒரு டிடிபி கடையில் பழைய ஃபான்டில் அடித்து யூனிகோடுக்கு மாற்றியவை. பழைய ஃபான்டுகளில் கொம்பும் காலும் தனித்தனி விசை. டைப்ரைட்டர் காலத்துப் பழக்கம். மாற்றும்போது அது இரண்டு குறியாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

இதற்கு மருந்து ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. நார்மலைஸ் என்ற கட்டளை இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கிவிடும். பட்டியலில் இருப்பதையும் தட்டுவதையும் அதற்குள் விட்டு எடுத்தால் பாட்டி கிடைத்துவிடுவார். ஆனால் ஸ்ரீதேவி கிடைக்க மாட்டார். 'ஸ்ரீ'யை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான ஃபான்டுகளில் இரண்டும் ஒரே வடிவம். நார்மலைஸ் இவை இரண்டையும் ஒன்றாக்காது, அதன் கணக்கில் ஸ வேறு எழுத்து, ஶ வேறு எழுத்து. தவறென்றும் சொல்ல முடியாது. ஶ்ரீனிவாசன்களுக்காக நாமே தனியாக ஒரு விதி எழுத வேண்டியதுதான். ஔவையாரை ஒ-வும் ள-வும் போட்டு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று.

எழுத்தைச் சரிசெய்தாலும் பெயர் நிலையாக நிற்பதில்லை. கல்யாணத்துக்கு முன் எம். செல்வி, பின் ஆர். செல்வி, ரேஷன் கார்டில் செல்வி மட்டும், வோட்டர் லிஸ்டில் செல்வியம்மாள். ஊர்ப் பெயருக்கே இங்கே இந்தப் பாடுதான். பூந்தமல்லி என்பார்கள், பூவிருந்தவல்லி என்று பலகை இருக்கும், பஸ்ஸில் ஏறிப் பூனமல்லி என்று டிக்கெட் கேட்பார்கள். தபால்காரருக்கு 600056 போதும். ரயில்வேக்கு ஆவடி 'ஏவிடி', அம்பத்தூர் 'ஏபியூ'. ஊர்களுக்குச் சாவி கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் நான் செய்தது சின்ன மாற்றம். பெயரை வைத்துத் தேடும் இடத்தில் ஃபைண்டை எடுத்துவிட்டு ஃபில்டர் வைத்தேன். ஃபில்டர் பொருந்துகிற எல்லோரையும் கூட்டிவரும். வந்தவர்களை எண்ண வேண்டும். யாரும் இல்லையா, ஒருவரா, பலரா. பழைய பக்கத்துக்குத் தெரிந்தது இரண்டு நிலை: உண்டு, இல்லை. 'பலர்' என்ற மூன்றாவது நிலைக்கு அதில் வழியே இல்லை. இப்போது ஒருவர்தான் வந்தாலும் பதிவு தானாகத் திறக்காது. தெரு, வயது, கடைசியாக வந்த தேதி மூன்றும் காட்டும். ஆள் பார்த்து, கேட்டு, தட்டித்தான் திறக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஐந்து விநாடி கூடுதல். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள்.

லேப்டாப்பில் உட்காரும் அக்கா அந்த ஊரிலேயே இருபத்தைந்து வருடம் இருக்கிறவர். அவருக்குத் தெருவும் வேண்டாம் வயதும் வேண்டாம். "தண்ணி டேங்க் செல்வியா, இட்லிக்கடை செல்வியா, மில்ட்ரிக்காரர் வீட்டு செல்வியா?" என்பார். ஒரே கேள்வியில் ஆள் கிடைத்துவிடும். "தம்பி, இதைப் போட ஒரு கட்டம் வை" என்றார். வைத்தேன். முதல் வாரமே வினை வந்தது. ஒரு செல்வியின் கட்டத்தில், கணவர் விட்டுவிட்டுப் போனவர் என்பதை அக்கா நாலு வார்த்தையில் தட்டிவிட்டார். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள், அக்காவுக்கு அதில் வன்மம் எதுவும் இல்லை. ஆனால் லேப்டாப்பின் திரை வரிசையைப் பார்த்து இருக்கிறது. அடுத்து நிற்கிறவர் படிக்கலாம். அந்த செல்வியே படிக்கலாம்.

மேஜையைத் திருப்பிப் போட்டோம், அது எளிது. கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் பேச்சானது. "ஊருக்கே தெரிஞ்சதுதானே தம்பி" என்றார் அக்கா. ஊர் வாயில் இருப்பது ஒருநாள் மறந்துபோகும், இதில் போட்டால் இருந்துகொண்டே இருக்கும், தேடுகிற ஒவ்வொரு தடவையும் மேலே வரும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே ஒரு வழி சொன்னார், வர்றவங்ககிட்டயே கேட்டுடுவோம்னு. அடுத்த மாதம் ஒன்பது செல்விகளிடமும் கேட்டார்: "உங்க பேர்ல நிறைய பேர் இருக்காங்க. உங்கள எப்படின்னு போட்டுக்கட்டும்?"

ஒருவர் மகள் பெயரைச் சொன்னார். ஒருவர் தன் சொந்த ஊர் செய்யாறு என்று போடச் சொன்னார், வந்து நாற்பது வருடமானாலும். கணவர் விட்டுப்போன செல்வி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்தாவது பாஸ் பண்ண செல்வின்னு போடுங்கக்கா" என்றார். அப்படியே இருக்கிறது.

இன்னும் ஓரிடத்தில் பழைய ஃபைண்ட் மிச்சம் இருக்கிறது, மாத்திரை இருப்பு பார்க்கும் பக்கத்தில். தட்டிய எழுத்துகள் பெயருக்குள் எங்கே இருந்தாலும் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் 500 என்று தட்டினால், பட்டியலில் முந்தி இருப்பது மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர் என்றால் அதைத்தான் எடுக்கும். ஒன்று சாதாரண மாத்திரை, மற்றது மெதுவாகக் கரைவது. மாத்திரை மேஜை அக்கா இன்னும் சீட்டைச் சத்தமாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த ஞாயிறுக்குள் அதையும் மாற்ற வேண்டும்.