முன்பாரம், பின்பாரம்

விமானி ஆவதற்கான எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்றதும் ஹாஸ்டலில் எனக்கு 'பைலட் சார்' என்று பெயர் சூட்டிவிட்டீர்கள். இருக்கட்டும்! "அதுல அப்படி என்னதான்டா இருக்கு?" என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் ஆகும். ஆனால் டி.ஜி.சி.ஏ. நடத்தும் எழுத்துத் தேர்வுக்குப் பழைய புத்தகமும் தேர்வுக் கட்டணமும் போதும். பாஸ் மார்க் 70. நமக்கோ 40 எடுப்பதற்குள்ளேயே நாக்குத் தள்ளுகிறது!

நேவிகேஷன் என்றால் பயப்பட வேண்டாம். காற்று விமானத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று கண்டுபிடிப்பது, மெக்கானிக்ஸ் வகுப்பில் நாம் போட்ட அதே வெக்டர் முக்கோணம்தான். 60 மைல் போனபின் பாதையைவிட்டு 1 மைல் விலகியிருந்தால், திசை ஏறக்குறைய 1 டிகிரி தப்பியிருக்கிறது என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். (இங்கே மைல் என்பது கடல் மைல், 1,852 மீட்டர்.)

என்னைக் கட்டிப் போட்டது பாரம் ஏற்றும் கணக்கு. ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் வரும். அது குறித்த எல்லைக்குள் நிற்க வேண்டும். முன்னால் போனால் இறங்கும்போது மூக்கைத் தூக்குவது கஷ்டம். பின்னால் போனால் மூக்கை அடக்குவது கஷ்டம்.

அப்பா லாரியில் மூட்டை ஏற்றுபவர். பள்ளிக்கூடம் போனதில்லை. லீவில் இதைச் சொன்னதும் சிரித்தார். "முன்பாரம் ஆனா மாட்டுக் கழுத்துல ஏறும், பின்பாரம் ஆனா பூட்டாங்கயிறு நெரிக்கும். உங்க தாத்தா வண்டியிலயே பார்த்ததுதான். இதுக்கா பரீட்சை? சரி, ஆளுங்களையும் நிறுத்தா ஏத்துவாங்க?"

"பெரும்பாலும் இல்லப்பா. ஆளுக்கு இத்தனை கிலோன்னு சராசரி போடுவாங்க."

2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட் நகரில், கிளம்பிய சிறிது நேரத்திலேயே ஒரு சிறு விமானம் விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்த கதையைச் சொன்னேன். மூக்கை ஏற்றி இறக்கும் கேபிளைப் பராமரிப்பில் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அதோடு பின்பாரமும் சேர்ந்துகொண்டது. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதன்பிறகே அங்கே அந்தச் சராசரி எடையை உயர்த்தினார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சராசரி மூட்டைன்னு ஒண்ணை நான் தூக்கினதே இல்லடா" என்றார்.

அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அந்த 200 மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அப்பா இன்னும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.