கல்லில் பதிந்த இலைகள்

மரத்தினின்றும் உதிர்ந்த இலை மண்ணில் மட்கி மறைதலே இயல்பு. எனினும், ஆற்று நீரில் மிதந்து சென்று, மென்மையான களிமண்ணுள் காற்றுப் படாது புதையுண்ட இலைகள் சில அழியாது எஞ்சுவதுண்டு. களிமண் இறுகும்போது அவற்றின் விளிம்பும் நரம்பும் அதில் ஓவியம்போல் பதிந்துவிடுகின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில், பொட்டோமாக் ஆற்றை அடுத்த நிலப்பகுதியில் இத்தகைய இலைப்பதிவுகள் மிகுதி. ஏறத்தாழ 12 கோடி முதல் 10 கோடி ஆண்டுகட்கு முன், டைனசோர்கள் உலவிய காலத்தில் தளிர்த்த இலைகள் அவை!

பூக்கும் தாவரங்கள் பாறை அடுக்குகளில் திடீரெனத் தோன்றி, விரைந்து பல்கியனபோல் காணப்பட்டமை பேரறிஞர் சார்லஸ் டார்வினின் உள்ளத்தை வருத்தியது. உயிரினங்கள் சிறிது சிறிதாகவே மாறிவரும் என்பது அவர் கொள்கையன்றோ? 1879-இல் தம் நண்பர் ஹூக்கருக்கு வரைந்த கடிதத்தில் இதனை வெறுப்பூட்டும் புதிர் என்றே அவர் குறித்தார்.

டார்வின் மறைந்து 7 ஆண்டுகள் சென்றபின், 1889-இல், பொட்டோமாக் இலைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார் வில்லியம் ஃபான்டெய்ன். அவரது உழைப்பு பெரிது. ஆயின், அவர் இட்ட பெயர்கள் புதிரை வளர்த்தனவேயன்றித் தீர்த்தில. அத்தியை ஒத்த இலைக்கு ‘ஃபைக்கோஃபில்லம்’ என்றும், திராட்சையை ஒத்ததற்கு ‘வைட்டிஃபில்லம்’ என்றும் பெயரிட்டார். இன்றைய மரஞ்செடிகளின் சாயலை அத்தொல்லிலைகளில் கண்டால், அவை தொடக்கத்திலேயே முதிர்ந்த வடிவில் தோன்றின என்றுதானே எண்ண நேரும்? சாயலை நம்பி உறவு கூறுதல் தகாது. பூவரசின் இலையும் வெற்றிலையும் வடிவால் ஒத்தல் கண்கூடு, எனினும், ஒன்று மரம், மற்றொன்று கொடி, குடும்பமும் வேறு.

லியோ ஹிக்கி, ஜேம்ஸ் டாயில் என்னும் அறிஞர் இருவர் வேறு வழியை மேற்கொண்டனர். ‘இவ்விலை எம்மரத்தினது?’ என்று வினவுவதை விடுத்து, ‘எந்த அடுக்கில் கிடைத்தது? நரம்புகள் எவ்வாறு ஓடுகின்றன?’ என்று நோக்கினர். 1977-இல் வெளியான அவர்தம் ஆய்வு உண்மையைப் புலப்படுத்தியது. அடி அடுக்குகளில் பெரணிகளும் ஊசியிலை மரங்களுமே மிகுதி. அவற்றினிடையே பூக்கும் தாவரங்களின் இலைகள் மிகச் சில. அவையும் பெரும்பாலும் சிறியன, பிளவற்றன, அவற்றின் நரம்புகள் ஒழுங்கின்றி வளைந்து செல்வன. மேலே செல்லச் செல்ல, இதய வடிவ இலைகளும், கைவிரல்போல் பிரிந்த இலைகளும் தோன்றுகின்றன, நரம்புகளும் ஒழுங்குபெறுகின்றன. மகரந்தத் துகள்களும் இதற்குச் சான்று பகர்கின்றன: முதலில் ஒற்றைப் பள்ளமுடைய துகள்கள், பின்னர் மூன்று பள்ளமுடையவை. மாற்றம் விரைவானதே; எனினும், படிப்படியாகவே நிகழ்ந்தது.

அடிக்கடி கரை சரியும் ஆற்றோரங்களில் ஒண்டி வாழ்ந்த அச்சிறு செடிகளின் வழியினர் பின்னர்க் காடெங்கும் பரவியதற்கு இலை நரம்பும் ஒரு காரணம் என்பர். இன்றுள்ள பூக்கும் தாவரங்களின் இலையில், 1 சதுர மில்லிமீட்டர் பரப்பினுள் ஓடும் நரம்புகளின் நீளம் சராசரி 8 மில்லிமீட்டர். ஏனைய தாவரங்களில் அது 2 மில்லிமீட்டர் அளவினதே என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நரம்பு செறிந்தால் இலைக்கு நீர் மிகுதியாக வந்து சேரும். நீர் மிகுந்தால் இலை தன் துளைகளை அகலத் திறந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, விரைந்து உணவு சமைக்கும்.