செருப்பைக் கழற்றும் இடம்

திருப்பத்தூர் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஜலகாம்பாறை. ஜவ்வாது மலைத் தொடரை ஒட்டி நிற்கும் ஏலகிரியின் மறுபக்கச் சரிவில், மலைமேலிருந்து ஓடிவரும் அட்டாறு பாறை விளிம்பைத் தொட்டு அருவியாக விழும் இடம் அது. மூலிகைகளைத் தழுவி வரும் நீர் என்பதால் உடற்பிணி நீங்கும் என்ற நம்பிக்கை இப்பகுதி மக்களிடம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. அருவியின் அருகிலேயே லிங்க வடிவில் எழுப்பப்பட்ட முருகன் கோயில். தந்தையின் உருவத்துக்குள்ளே மைந்தன் வீற்றிருக்கும் இக்காட்சியை முதன்முறை காண்பவர் சற்று நின்று பார்க்காமல் நகர்வதில்லை.

கோடையில் இங்கு வருபவர் ஏமாற்றம் அடைவர். பாறை மட்டுமே இருக்கும். மழை தொடங்கிய பின்னரே நீர். ஆடி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தைச் சிறிது நேரம் ஓரமாக நின்று கவனித்தால், அதில் இரண்டு விதமான மக்கள் இருப்பது தெரியவரும்.

முதல் வகையினர் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து சிறு சரக்கு வண்டிகளிலும் ஷேர் ஆட்டோக்களிலும் வருபவர்கள். பித்தளைத் தவலை, விறகு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள், தேங்காய் எல்லாம் உடன் வரும். குழந்தைக்கு மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும் என்று எப்போதோ செய்துகொண்ட வேண்டுதல் அவர்களை இழுத்து வந்திருக்கும். இரண்டாம் வகையினர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வருபவர்கள். முதல் நாள் ஏலகிரி, மறுநாள் ஜலகாம்பாறை, மாலையில் வீடு என்பது அவர்கள் திட்டம். வாரம் முழுவதும் கணினி முன் அமர்ந்தவர்களுக்கு இந்த ஒன்றரை நாள் தேவைதான். அதைக் குறை கூறுவதற்கில்லை.

இரு சாராரும் ஒரே நீரில்தான் நிற்கிறார்கள். ஆனால் நிற்கும் விதம் வேறு.

சிற்றூர்ப் பெண்கள் புடவையோடு இறங்குகிறார்கள். முகத்தில் மஞ்சள் பூசி, கண்களை மூடி, கைகளைக் கூப்பியபடி தலையை நீருக்குக் கொடுக்கிறார்கள். ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே முருகன் சந்நிதிக்கு நடக்கிறார்கள். நகரத்து இளைஞர்கள் அரைக்கால் சட்டையோடு குதிக்கிறார்கள், உரக்கச் சிரிக்கிறார்கள், அவ்வப்போது கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ‘இவ்வளவு கனமான புடவையோடு எப்படித்தான் குளிக்கிறார்களோ’ என்று இவர்கள் வியக்க, ‘நாலு பேர் முன்னால் இப்படியா’ என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள்.

உலகின் வெப்பமண்டலக் கடற்கரைகள் எல்லாவற்றிலும் இதே காட்சியைப் பெரிய அளவில் காணலாம். மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஐரோப்பியர் வெயிலைத் தேடி மணலில் படுத்திருக்க, நம்மவர் வெயில் தாழ்ந்த பிறகு வந்து முழங்கால் அளவு நீரில் கால் நனைத்துத் திரும்புவர். ஒருவர் வெயிலுக்காகவே ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தவர். மற்றவர் பிறந்தது முதல் நிழலைத் தேடியவர்.

நம் மக்கள் ஆடையோடு நீராடுவது வெறும் கூச்சத்தினால் மட்டும் அன்று. ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், காத்யாயனி நோன்பிருந்த கோபியர் யமுனையில் ஆடையின்றி நீராடியபோது, அது நீரின் தெய்வத்துக்குச் செய்யும் பிழை என்று கண்ணன் சுட்டிக்காட்டும் நிகழ்ச்சி வருகிறது. நீர் என்பது குளிக்கும் பொருள் அல்ல, எதிரே நிற்கும் தெய்வம் என்ற எண்ணமே அதன் அடிப்படை. கடலைப் பற்றியும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. அமாவாசை, பௌர்ணமி போன்ற பர்வ நாட்களில் அன்றிக் கடலில் நீராடலாகாது என்பது பழைய விதி. சேது தீர்த்தத்துக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. நினைத்தபோது கடலில் நீந்தும் பழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றாமல் போனதற்கு இவ்விதியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பாட்டிமார் ‘சும்மா போய்க் கடலைத் தொடாதே’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் இன்று அறுபதைக் கடந்தும் அலையருகே தயங்கி நிற்கிறார்கள்.

ஏலகிரியின் மேலே வேறொரு வேடிக்கை நடக்கும். பொன்னேரியிலிருந்து மலையேறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள்; தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அவை தாங்கி நிற்கின்றன. மேலே 14 சிற்றூர்கள். அங்கு வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இச்சொல்லைக் கேட்ட வெளியூர்க்காரர் சிலர், கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு மலையாளத்தில் பேச்சுக் கொடுப்பதுண்டு. அவர்களோ தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் தூய தமிழ்க் குடிகள்! விடுதிகள் வந்தன, படகுத் துறை வந்தது, கோடை விழா வந்தது. ஆயினும் நிலாவூரில் கதவநாச்சியம்மனுக்கு ஆடி மாதத்தில் நடக்கும் வழிபாடு அவர்களுடையதாகவே இருக்கிறது. படகுச் சவாரி முடிந்து எட்டிப் பார்ப்பவருக்கு அது ஒரு சிறு கோயில். அவ்வூராருக்கோ குலத்தின் தாய் வீடு.

இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகச் சமாளித்து வரும் இந்துக்களின் தீவு ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் பாலித் தீவு. உலகெங்கிலுமிருந்து கடற்கரை இன்பம் தேடி மக்கள் குவியும் இடம் அது. ஆனாலும் கோயிலுக்குள் நுழையும் வெளிநாட்டவர், இடுப்பில் ஒரு துணி உடுத்தி, அதன்மேல் ஒரு கச்சையும் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாதவருக்குப் பல கோயில்களின் வாசலிலேயே கொடுத்து உதவுகிறார்கள். அவர்களுடைய புத்தாண்டுக்குச் சில நாள் முன்னர், கோயில் திருவுருவங்களையும் புனிதப் பொருட்களையும் ஊர்வலமாகக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று தூய்மை செய்வர். நம் ஊர் மாசிமகத் தீர்த்தவாரியைக் கண்டவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அன்று வெள்ளைக்காரர்கள் நீந்தும் அதே கடல், சில மணி நேரத்துக்குத் தீர்த்தமாகிவிடும்.

புத்தாண்டு நாளான நியெபியில் ஊரே மௌனம் காக்கும். விளக்கு இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். கடற்கரைகள் வெறிச்சோடிக் கிடக்கும். எந்த நாட்டுச் சுற்றுலாப் பயணியும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் ஊர்க் காவலர் திருப்பி அனுப்பிவிடுவர். சுற்றுலாவை நம்பியே பெரும்பகுதி வருவாய் ஈட்டும் ஒரு தீவு, ஆண்டுக்கு ஒரு நாள் அந்த வருவாயை வேண்டாம் என்று ஒதுக்கி வைப்பது சிறிய காரியம் அன்று. கணக்கு வழக்கு அறிந்தவர்களுக்கு அதன் அருமை நன்கு விளங்கும்.

அங்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. புனித மரத்தின் அருகிலும், அகுங் மலை மேலும் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்ட வெளிநாட்டினர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டதை அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்கள் வெளியிட்டன. 2023-இல் அத்தீவின் ஆளுநர், வெளிநாட்டுப் பயணிகள் செய்யத் தக்கவை எவை, தகாதவை எவை என்று சுற்றறிக்கையே வெளியிட்டார். 2024 பிப்ரவரி முதல் தலைக்கு 1,50,000 ரூபியா கட்டணமும் வசூலிக்கப்படுகிறது. அந்தப் பயணிகளில் பலரும் கோயிலுக்குள் அப்படி நடந்திருக்க மாட்டார்கள். மரமும் மலையும்கூடக் கோயில்தான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

ஜலகாம்பாறையிலும் அதுவேதான் கேள்வி. ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், கந்திலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர், பேரனுக்கு மொட்டை போட்டு முடித்து, அவனைக் கையில் பிடித்து அருவியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வெறுங்கால். பாதையோரத்தில் உடைந்து கிடந்த மதுப் புட்டியின் சில்லு ஒன்று குதிகாலில் ஏறியது. வலியில் அப்படியே பாறைமேல் அமர்ந்துவிட்டார். பேரன் அழத் தொடங்கினான்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த நான்கு இளைஞர்கள் அவ்வழியே வந்தனர். அவர்களில் ஒருவர் காருக்கு ஓடிச் சென்று மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்தார். சில்லை எடுத்து, காயத்தைக் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினார். கட்டி முடித்தவர் மெல்லக் கடிந்துகொண்டார்:

“இவ்வளவு கல்லும் முள்ளுமா இருக்கு. செருப்புப் போட்டுக்கிட்டு வரக்கூடாதா பாட்டி?”

“சாமிகிட்ட வரும்போது எப்படிப்பா செருப்புப் போடறது?”

“கோயில் அங்கேதானே இருக்கு? அதுக்குப் பக்கத்துல போய்க் கழட்டினாப் போதுமே?”

மூதாட்டி அவரை ஒரு கணம் பார்த்தார். “உனக்கு அங்க இருக்குதுப்பா. எங்களுக்கு வண்டியை விட்டு எறங்கின எடத்துலருந்தே கோயிலுதான்.”

அந்த இளைஞர் பதில் சொல்லவில்லை. தம் காலில் இருந்த செருப்பைக் குனிந்து பார்த்தார். கழற்றவில்லை, கண்ணாடிச் சில்லு கிடக்கும் பாதையில் அவரைக் கழற்றச் சொல்வதும் முறையன்று. இப்பாதையில் யார் குப்பையை விட்டுச் சென்றாலும், அதன் வலியைச் செருப்பைக் கழற்றியவரே தாங்க நேர்கிறது. தடித்த காலணியோடு வருபவருக்கு அங்கே சில்லு கிடப்பதே தெரியாது.

புட்டியை உடைத்தவர் நகரத்தவர்தாம் என்று முடிவு கட்டவும் இயலாது. உள்ளூரிலும் குடிப்பவர் உண்டு. பக்தர்கள் பங்கும் குறைவில்லை. குளித்து முடித்துப் பழைய துணியை நீரிலேயே விட்டுச் செல்வது, ஷாம்பு உறையைப் பாறை இடுக்கில் செருகுவது, எரிந்த கற்பூரத்தின் அட்டையை ஓடையில் எறிவது எல்லாம் பக்தியின் கணக்கில்தான் நடக்கின்றன. பாபநாசத்தில் தாமிரபரணியிலிருந்து அவ்வப்போது அள்ளப்படும் துணிக் குவியலைக் கண்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. நீரைத் தெய்வம் என்று வணங்குபவர்க்கே இன்னொருவர் வந்து சொல்ல வேண்டிய நிலை.

அன்று பிற்பகல் பொங்கல் வெந்ததும், மூதாட்டியின் மருமகள் நான்கு இலைகளில் பொங்கலை வைத்து அந்த இளைஞர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலில் தயங்கினார்கள். ஒருவர் கைப்பேசியை எடுத்து, “படம் எடுத்துக்கலாமா அக்கா?” என்று கேட்டார். காலையிலிருந்து எத்தனையோ பேர் கேட்காமலே எடுத்துச் சென்றிருந்தார்கள். மருமகள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “பொங்கலை எடுத்துக்கங்க, எங்களை வேணாம்” என்றார். சிரித்துக்கொண்டே கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர்கள் உண்ணத் தொடங்கினார்கள்.

காலில் கட்டோடு மூதாட்டி அன்று அருவிக்குள் இறங்கவில்லை. ஒரு சொம்பில் நீர் கொண்டுவரச் சொல்லித் தலையில் தெளித்துக்கொண்டு, லிங்க வடிவக் கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பேரன் மட்டும் இன்னொரு முறை நீரில் நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தான். அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அருவிக்குச் சென்றவர், காயத்துக்குக் கட்டுப் போட்ட அதே இளைஞர்.