மணமடலும் மஜ்னூனும்

நாஞ்சில் நாட்டு முஸ்லிம் இல்லங்களில் ஒரு தலைமுறைக்கு முன்னர் அச்சான நிக்காஹ் மடல்களை எடுத்துப் பார்த்தால், அவை ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கும். உச்சியில் பிறையும் விண்மீனும், அதன்கீழ் பிஸ்மில்லாஹ், பச்சை மையில் தீன்குலச் செல்வன், தீன்குலச் செல்வி என்னும் அடைமொழியோடு மணமக்களின் பெயர்கள், ஹிஜ்ரி நாளும் ஆங்கில நாளும், பள்ளிவாசலின் பெயர், இறுதியில் அழைக்கும் பெரியோரின் வரிசை. கோட்டாறு ஆயினும் தக்கலை ஆயினும் திருவிதாங்கோடு ஆயினும் தேங்காய்ப்பட்டணம் ஆயினும் மடலின் அமைப்பில் பெரிய வேற்றுமை இராது.

இன்று நிலை வேறு. மடலின் முகப்பைப் பழங்கால ஓவியங்கள் பிடித்துக்கொண்டன. பாரசீகச் சிற்றோவியத்திலிருந்து ஓர் இணை, முகலாயத் தோட்டத்தில் மலர் நீட்டும் இளவரசன், மேனாட்டார் வரைந்த ஆயிரத்தோர் இரவுகளின் நாயகி என்று அவை வந்து அமர்கின்றன. மடலோடு நில்லாமல் அத்தர்ப் புட்டியின் ஒட்டுத்தாளிலும், மருதாணிக் கூம்பின் உறையிலும், பிரியாணிக் கடையின் பெயர்ப் பலகையிலும் அதே முகங்களைக் காண்கிறோம். அழகு நாடுவது குற்றமன்று. ஆயினும், எடுத்தாளும் படம் என்ன சொல்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் அரிதாகிவிட்டனர். அதைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

இவ்வெண்ணம் நமக்கு வெறும் ஏட்டறிவால் தோன்றியதன்று. நம் இளைய சகோதரியின் மகள் நாகர்கோவிலில் மணமடல்களையும் கடைகளுக்கான அட்டைகளையும் கணினியில் வடிவமைக்கும் தொழில் செய்பவள். அவளுக்கே நிக்காஹ் உறுதியான வேளையில், மாப்பிள்ளை வீட்டார் ஒரு படத்தை அனுப்பி, இதுவே மடலின் முகப்பில் வரவேண்டும் என்றனர். பள்ளிக்கூடத்தில் லைலாவும் மஜ்னூனும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் பாரசீகச் சிற்றோவியம் அது. பெண்ணின் வாப்பாவோ, பிஸ்மில்லாஹ் எழுதிய தாளில் மனித உருவம் வரலாகாது என்று மறுத்துவிட்டார். "அழகான படம்தானே, இதில் என்ன குறை கண்டீர்கள்?" என்று மாப்பிள்ளையின் உம்மா வருந்தினார். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. குறித்த நாளையே தள்ளிவைக்கலாமா என்ற பேச்சும் இரு வீட்டிலும் எழுந்தது. அந்நிலையில்தான் அப்பெண் நம்மிடம் வந்து, "மாமா, நீங்கள் ஓதியவர். ஆகுமா, ஆகாதா என்று ஒரு சொல் சொல்லுங்கள். இரண்டு வீட்டாரும் கேட்டுக்கொள்வார்கள்" என்றாள்.

உருவப் படங்களைப் பற்றி மார்க்க அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் உருவங்கள் வரைந்த திரைச்சீலை தொங்கியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை விரும்பாததையும், பின்னர் அத்துணி கிழிக்கப்பட்டுத் தலையணைகளாக்கப் பெற்றதையும் நபிமொழித் தொகுப்புகள் உரைக்கின்றன. தாளில் தீட்டிய படம், நிழல் விழும் சிலை, ஒளிப்படம் ஆகியவற்றைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேற்றுமைகளும் உண்டு. இவற்றையெல்லாம் அவளுக்கு எடுத்துரைத்து, உருவத்தைத் தவிர்ப்பதே பேணுதலுக்கு உகந்தது என்றும் சொன்னோம். ஆனால், தடை ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் வழக்கு தீர்ந்திருக்கலாமே ஒழிய மனங்கள் ஒன்றியிரா. ஆகவே, "அம்மா, இப்படத்தின் கதை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டோம். காதலர் இருவர் என்பதற்கு மேல் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. படத்தை அனுப்பியவர்களுக்கும் தெரியாது.

கைஸ் என்னும் அரபு இளைஞனைப் பற்றிய பழங்கதையை நிஜாமி கஞ்சவி 1188ஆம் ஆண்டில் பாரசீகக் காவியமாக்கினார். நூறாண்டுக்குப் பின் தில்லியில் அமீர் குஸ்ருவும் அதனைத் தம் முறையில் பாடினார். ஓவியர் பலர் விரும்பித் தீட்டிய காட்சிதான் அந்தப் பள்ளிக்கூடம். ஆனால், அதன் பின் நடப்பது என்ன? ஊரார் தூற்றுகின்றனர்; பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துகின்றனர்; தந்தை அவளை வேறொருவனுக்கு மணமுடிக்கின்றார்; கைஸ் பித்தனாகிப் பாலையில் விலங்குகளோடு திரிகின்றான்; அவள் இறந்தபின் அவள் மண்ணறையின் மீதே உயிர் விடுகின்றான். மஜ்னூன் என்ற சொல்லுக்கே பித்தன் என்றுதான் பொருள். இக்காதலை இறைவனைத் தேடும் ஆன்மாவின் தாகமாகச் சூஃபியாக்கள் கொண்டனர். அந்த அளவில் அது மிக உயர்ந்த கதை. ஆயினும், அவ்விருவருக்கும் நிக்காஹ் நடக்கவே இல்லை. மணம் கூடாத கதையை மணமடலின் முகப்பில் வைத்து உற்றாரை அழைப்பது பொருந்துமா?

இவ்வாறு பொருந்தாமல் வருபவை பல. பாரசீக ஓவியர் பிஹ்சாத் 1488இல் தீட்டிய யூசுஃப், ஜுலைகா ஓவியம் இன்று கெய்ரோவில் உள்ளது. ஏழு கதவுகளும் அடுக்கடுக்கான அறைகளும் கொண்ட அந்த மாளிகையின் நுட்பத்தை வியக்காதார் இலர். ஆனால், அதில் யூசுஃப் (அலை) அவர்கள் ஜுலைகாவின் பிடியிலிருந்து தப்பி ஓடுகின்றார்கள். பாவத்திலிருந்து விலகிய ஒரு நபியின் கற்பைக் காட்டும் காட்சியைக் காதல் இணையின் படமென்று எண்ணி மடலில் வைப்பவர், ஓவியனுக்கும் நீதி செய்யவில்லை. நபிக்குரிய மரியாதையையும் பேணவில்லை. சலீம், அனார்கலி இணையும் அத்தகையதே. அவளை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டியதாகவன்றோ கதை முடிகிறது!

மேனாட்டார் ஓவியங்களில் வேறொரு சங்கடம் உண்டு. பிரான்சின் துளூஸ் நகரில் பிறந்து இலண்டனில் குடியேறிய எட்மண்ட் டியூலாக் என்பவர் 1907இல் ஆயிரத்தோர் இரவுகளுக்கும் 1909இல் உமர் கய்யாமின் பாடல்களுக்கும் வரைந்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. நீல இரவும் மின்னும் ஆடைகளும் கண்ணைப் பறிக்கும். ஆனால், அவை ஐரோப்பிய வாசகர் கண்ட கிழக்கின் கனவுகள். அரண்மனை, திரை, சோம்பிச் சாய்ந்த அழகி, இவைதாம் முஸ்லிம் இல்லம் என்று அயலார் கண்ட கனவை நாமே எடுத்து நம் வாசலில் தொங்கவிடுகிறோம். உம்மாவின் கைப்பக்குவத்தால் மணக்கும் பிரியாணிக்கு அந்த அழகி எவ்வகையில் உறவு?

சகோதர சமயத்தாரிடத்தும் இவ்வழக்கம் பெருகியிருக்கிறது. அதன் வேர் நமக்கு அண்மையிலேயே உள்ளது. முன்னர் நம் மாவட்டம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்நாட்டின் கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா, 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். வண்ணத்திற்கு ஒரு கல்லாகப் பல கற்களில் அடுத்தடுத்துப் பதித்து எடுத்த அப்படங்கள், அரண்மனைச் சுவரிலிருந்த ஓவியத்தை ஏழையின் திண்ணைக்குக் கொண்டுவந்தன. 1906இல் அவர் மறையும் முன்னரே அச்சகம் ஃபிரிட்ஸ் ஷ்லெய்கர் என்னும் ஜெர்மானியர் கைக்கு மாறிற்று. படங்களோ நாட்காட்டி, தீப்பெட்டி, விளம்பரம் என்று புகாத இடமில்லை. 2008இல் சென்னை சில்க்ஸ் நிறுவனம் அவருடைய 11 ஓவியங்களை நெய்த மணப்பட்டு ஒன்றைச் சுமார் 40 இலட்ச ரூபாய் விலையில் வெளியிட்டது. 2020ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்றுக்காகத் திரைக் கலைஞர்களை அவ்வோவியங்களின் கோலத்தில் நிறுத்தி ஒளிப்படம் எடுத்தனர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஓவியக் கூடத்திலுள்ள தமயந்தியும் அன்னமும் தூது சொல்லும் காட்சியாதலால் மணமடலுக்கு ஏற்றதே. ஆயினும், நளவெண்பா கற்றவர் அத்தமயந்தி பின்னர் நள்ளிரவில் கானகத்தில் கைவிடப்பட்டதையும் மறவார்.

நம் மருமகள் எளிதில் விட்டுக்கொடுப்பவள் அல்லள். "மாமா, யாரும் கதையைப் பார்ப்பதில்லை, வண்ணத்தைத்தான் பார்க்கிறார்கள். இப்போது வரும் படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. பழைய படத்தில்தான் ஒரு மனிதனின் கை தெரிகிறது. எங்கள் கலியாணத்துக்கு அழகு வேண்டாமா? பிறையும் பச்சை மையும் மட்டும் எத்தனை காலத்துக்கு?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. கைத்தொழிலின் உயிர்ப்பை நாடும் இளையோரைப் பழிப்பது முறையன்று.

ஆனால், அழகுக்கு அந்த இரு முகங்களையா நம்பியிருக்க வேண்டும்? சிற்றோவியத்தின் ஓரத்தைக் காட்டினோம். பொன்னும் நீலமும் கலந்த கொடிக்கரை, சைப்ரஸ் மரம், பூத்த வாதுமைக் கிளை, ஓடும் நீர் ஆகிய யாவும் ஓவியனின் கைவண்ணமே. நம் முன்னோர் கல்லச்சில் பதித்த அரபுத்தமிழ்க் கிதாபுகளின் முகப்பிலும் இத்தகைய கொடிகளும் பூக்களும் எழுத்தைச் சூழ்ந்து நிற்கக் காணலாம். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்களில் மலர்ந்த பூக்களும் உருவம் கலவாதவையே. எழுத்தையே ஓவியமாக்கிய மரபு நம்முடையது.

சொல்லால் தீட்டிய மணக்கோலமும் நமக்கு உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் அன்னை பாத்திமா (ரலி) அவர்களின் திருமணத்திற்கெனத் தனிப் படலமே இருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நாயகத்தின் நேர்மையை அறிந்து தாமே மணத்தூது விடுத்த வரலாற்றைவிட, ஒரு முஸ்லிம் பெண்ணின் மணமடலுக்குச் சிறந்த காதல் கதை எங்கே கிடைக்கும்? அதனை வரைய வேண்டியதில்லை. மனத்தில் இருத்தினால் போதும்.

அவள் இல்லம் சென்று இரண்டு இரவுகள் உழைத்தாள். எந்தப் படத்தையும் அறுத்து ஒட்டாமல், சிற்றோவியத்தின் கொடிக்கரையைப் பார்த்துத் தானே புதிதாக வரைந்தாள். நடுவே தோட்டமும் நீரோடையும். அதன்மேல் இரு பெயர்கள். மாப்பிள்ளையின் உம்மாவிடம் மடலோடு மஜ்னூனின் கதையையும் பணிவாகச் சொன்னாளாம். அவ்வம்மையார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "என் மகன் பித்தனாகித் திரியவா இந்தக் கலியாணம்?" என்று சிரித்துவிட்டார். பெண்ணின் வாப்பாவும் மடலை இருமுறை புரட்டிப் பார்த்து, பிறை ஒன்று மட்டும் குறைகிறது என்றார். அதுவும் நீரோடைக்கு மேல் சேர்ந்தது. குறித்த நாளிலேயே நிக்காஹ் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இத்தொழிலில் உள்ள இளைஞர்க்கும் வணிகப் பெருமக்களுக்கும் ஒன்று சொல்வோம். ஓவியன் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் அவன் படைப்பு பொதுவுடைமையாகும் என்பது நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம். 1953இல் இறந்த டியூலாக்கின் படங்களும் இன்று அவ்வகையினவே. ஆதலின் சட்டம் எவரையும் தடுக்காது. ஆனால், பொருளறிந்து கையாளும் பொறுப்பைச் சட்டம் கற்பிப்பதில்லை. இப்படம் யாருடைய கதை? அக்கதை எவ்வாறு முடிகிறது? வரைந்தவர் யாருடைய கண்ணால் கண்டார்? இம்மூன்றையும் கேட்டறிந்த பின் படத்தைத் தொடுபவர் வாடிக்கையாளருக்கு வண்ணத்தோடு அறிவையும் விற்றவராவார். அவர் தொழிலும் பெருமை பெறும்.

திருக்குர்ஆன் திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்று சுட்டுகின்றது. வலீயும் இரு சாட்சிகளும் சபையில் இருக்க, மஹர் பேசி, ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்கும் அந்தச் சிறு பொழுதில் இரு உயிர்களின் வாழ்வு பிணைக்கப்படுகிறது. மணமடல் அவ்வுடன்படிக்கையின் முதல் அறிவிப்பு. அதில் பொய்யும் பொருத்தமின்மையும் நுழையாதிருத்தல் மணமக்களுக்கு நாம் செய்யும் முதல் துஆ போன்றது. நம் பிள்ளைகளின் இல்லங்களில் அல்லாஹ் அன்பையும் அமைதியையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.