பழைய சாண்ட்ரோவுக்குக் கறுப்பு பெயின்ட்

பூந்தமல்லி பக்கம் கொஞ்சம் நிலம் வச்சிருக்கிறவன் வீட்டுக்கு மாசம் ரெண்டு புரோக்கராவது வருவாங்க. போன தை மாசம் வந்தவர் நிலத்துக்கு விலை பேசி முடியலைன்னதும், வாசல்ல பானெட் திறந்து நின்ன என் சாண்ட்ரோவைப் பார்த்தார். "உள்ள எல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்கே அண்ணே, காயலான் கடைக்குத்தான் போகும்"னு அதுக்கும் ஒரு விலை சொல்லிட்டுப் போனார். நான் கேட்கவே இல்லை.

2009-ல பதிவான வண்டி அது. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம் செல்லும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும். நான் புதுப்பிச்சப்ப கட்டணம் மட்டும் 5,000 ரூபாயா இருந்துச்சு. அதைக் கட்டியாச்சு. புது வண்டி வாங்குற நிலைமை எனக்கு இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கும், மல்லி சீசன்ல பஸ்ஸைத் தவறவிட்டா பூக்கூடையோட கோயம்பேடு போறதுக்கும் இதுதான் இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடணும்.

இந்த வண்டி பிறந்த ஊரும் பக்கம்தான். பெங்களூரு ரோட்டுல மேற்கே போனா இருங்காட்டுக்கோட்டை. 1998-லேருந்து அங்க சாண்ட்ரோ செஞ்சாங்க. அந்த ரோட்டை ஒட்டி உதிரி பாகம் செய்ற கம்பெனிகள் வரிசையா வந்துச்சு, எங்க ஊர்ப் பசங்க பாதிப் பேர் இப்ப ஷிப்ட்டுக்கு அங்கதான் போறாங்க. எங்க அக்கா பையனுக்கும் அப்படி ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்லதான் வேலை. பெயின்ட் அடிக்கப் போறேன்னு சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, பின்னாடி திருப்பிப் பார்த்தீங்களா?"

காருல வர்ற பிளாஸ்டிக் பாகத்தோட முதுகுல, ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல அது என்ன பிளாஸ்டிக்னு ஆங்கில எழுத்துல அச்சாகியிருக்கும். பி.பி.ன்னா பாலிப்ரொப்பிலீன். கூட டி.டி. 20ன்னு இருந்தா 20 சதவீதம் டால்க் கலந்திருக்குன்னு அர்த்தம், முகத்துக்குப் போடுற பவுடர்ல இருக்கிற அதே கல்லுமாவு. ஏ.பி.எஸ்.னா வேற ஜாதி. பி.ஏ. 66 ஜி.எஃப். 30னா கண்ணாடி இழை 30 சதவீதம் கலந்த நைலான், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பாகங்கள்ல இது வரும்.

இதை ஏன் பார்க்கணும்னா, ஏ.பி.எஸ். மேல பெயின்ட் சுலபமா பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் சேப்பங்கிழங்கு இலை மாதிரி. தண்ணி ஊத்தினா முத்து முத்தா உருண்டு ஓடும், பெயின்ட்டும் அப்படித்தான், உட்கார இடம் கொடுக்காது. சேப்பங்கிழங்குக்கு வேப்பெண்ணெய் அடிக்கும்போது காதி சோப்பைக் கரைச்சு ஊத்துறோமே, ஒட்டுத்திரவம்னு, அதே வேலையைப் பிளாஸ்டிக்குக்குச் செய்றது 'பிளாஸ்டிக் பிரைமர்'. ஜி.பி. ரோடு கடைகள்ல ஸ்பிரே டப்பாவாவே கிடைக்குது. பக்கத்துத் தெருத் தம்பி பிரைமர் இல்லாம, முன்னாடி போட்ட பாலிஷையும் கழுவாம நேரா கறுப்பு அடிச்சார். ரெண்டே மாசத்துல பாம்பு சட்டை உரிச்ச மாதிரி வந்துடுச்சு.

நான் முதல்ல பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டிட்டேன். அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டியோட மேல் மூடி, ஃபியூஸ் பெட்டி மூடி, வைப்பருக்குக் கீழ இருக்கிற நீளக் கிரில், மூணையும் வெளியே எடுத்தேன். வண்டியில இருக்கும்போதே அடிக்கிறது வேலைக்கு ஆகாது, பெல்ட்டு, சென்சார், ரப்பர் குழாய் எல்லாத்துலயும் தெறிக்கும்.

ஏர் ஃபில்டர் மூடியைத் தூக்கினப்பதான் தெரிஞ்சுது, அதுக்குக் கீழ எலிக்கூடு. வைக்கோல், சாக்கு நூல், எங்க வீட்டு வேட்டித் துண்டு கூட இருந்துச்சு. பக்கத்துல ஒரு வயர்ல மேல் உறை முழுக்கக் கடிபட்டு செம்பு பளபளன்னு தெரியுது. ரெண்டு வாரம் முன்னாடிதான் அம்மாவைப் பின் சீட்டுல உட்கார வச்சு எழும்பூர் வரைக்கும் போயிட்டு வந்திருக்கோம். அந்தச் செம்பு எஞ்சின் இரும்புல உரசி, பக்கத்துல காஞ்ச வைக்கோலும் இருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க. பெயின்ட் வேலையை அப்படியே நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மாட்டைக் குளிப்பாட்டும்போதுதானே காதுக்குப் பின்னாடி உண்ணி இருக்கிறது கைக்குத் தட்டுப்படும்.

வயர் மாத்தினதுக்கு அப்புறம்தான் மிச்ச வேலை. சோப்புத் தண்ணியில ரெண்டு தடவை கழுவி, காய வச்சு, 600 நம்பர் எமரி பேப்பரைத் தண்ணியில நனைச்சு லேசா தேய்ச்சேன். பளபளப்பு போய் மங்கினா போதும். திரும்பக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சேன். மண்ணெண்ணெய்ல துடைக்கக் கூடாது, எண்ணெய்ப் படலம் நிக்கும். பிரைமர் ஒரு பூச்சு, பனி மாதிரி மெலிசா. டப்பாவுல போட்டிருக்கிற நேரத்துக்குள்ள சாட்டின் கறுப்பு மூணு பூச்சு, ஒரு சாண் தூரத்துல, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பத்து நிமிஷம். முதல் பூச்சுலயே முழுசா மூட நினைச்சா வழியும்.

தையும் மாசியும்தான் இதுக்குத் தோது. பனி விலகின பிறகு 9 மணிக்கு மேல ஆரம்பிச்சேன். ஐப்பசி ஈரத்துல அடிச்சா வெள்ளை பூக்கும், சித்திரை வெயில்ல பெயின்ட் போய் விழுறதுக்குள்ளயே காஞ்சு சொரசொரன்னு நிக்கும். மாட்டுக் கொட்டகைகிட்ட அடிக்காதீங்க, அந்த வாடை மாட்டுக்கும் ஆகாது. நீங்களும் மாஸ்க் போட்டுக்கோங்க.

சைலன்சருக்கு அடிக்கிற 'ஹை டெம்பரேச்சர்' பெயின்ட்தான் எஞ்சின் பக்கத்துக்கு நல்லதுன்னு சிலர் சொல்வாங்க. அது முழுசா இறுகவே 200 டிகிரி பக்கம் சூடு வேணும், பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரிக்கே உருகிடும். கூலன்ட் டப்பாவையும் பிரேக் ஆயில் டப்பாவையும் தொடாதீங்க, உள்ள எவ்வளவு இருக்குன்னு வெளியிலேருந்து தெரியணும். அடிச்ச பாகத்துல பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட்டைத் தின்னுடும். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு உள்பக்கம் அடிச்சா, உரிஞ்சு வர்ற தூள் எஞ்சினுக்குள்ள போகும். எச்சரிக்கை ஸ்டிக்கர் எல்லாத்தையும் டேப் ஒட்டி மறைச்சுட்டேன்.

ரெண்டு நாள் நிழல்ல காய வச்சு மாட்டினேன். ஓரத்துல டேப் ஒட்டிச் சடக்குனு இழுத்துப் பார்த்தோம், வரலை. அக்கா பையன் விரலால சுரண்டிப் பார்த்துட்டு, "பரவாயில்ல மாமா"ன்னான், அவன் வாயில அது பெரிய வார்த்தை. டப்பா, எமரி எல்லாம் சேர்த்து 1,000 ரூபாக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. எலக்ட்ரீஷியனுக்கு 600 தனி. வைக்கோல் போரை மட்டும் வண்டி நிக்கிற இடத்துலேருந்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் மாத்திட்டோம்.