களைப்புக்கு ஒரு கணக்கு

இந்த வருடம் நான் மூன்று தடவை குருதி கொடுத்தேன். தானம் செய்யவில்லை, சோதனைக்குத்தான். ஏப்ரலில் 9.4, ஜூலையில் 11.2, நவம்பரில் 12.3. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிப்பதால் நாள் முழுக்க இலக்கங்களோடுதான் சீவியம். ஆனாலும் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைவிட இந்த மூன்று இலக்கங்கள்தான் 2025ஆம் வருடத்தை எனக்கு ஞாபகப்படுத்தும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வருடம் பிறப்பது முஹர்ரத்தில். ஆனால் பாடசாலை, டியூஷன் வகுப்பு, கிளினிக் எல்லாமே ஜனவரியில் தொடங்குவதால் டிசம்பரில் கணக்குப் பார்க்கும் பழக்கம் எங்களையும் பிடித்துக்கொண்டது.

என் வயதுப் பெண் ஒருத்தியின் குருதியில் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஈமோகுளோபின் இருந்தால் அது குருதிச்சோகை. ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவும் என்று உயிரியல் புத்தகத்தில் படிக்கிறோம். எனக்கு அந்தப் பாடம் மூன்றாம் மாடி ஆய்வுகூடத்துக்கு ஏறும்போது விளங்கியது. இரண்டாம் மாடி வளைவில் ஒரு நிமிடம் நின்று, சப்பாத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்து, மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவேன். தலைமுடி கொத்தாகக் கொட்டியது. பின்னேர வகுப்பில் கண் தானாக மூடியது. விடியற்காலை 4.30க்கு எழும்பி, இரவு பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் சாதாரணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்பார்கள். உயர்தரம் படிக்கும் யாருக்கு அது கிடைக்கிறது? அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

இன்னொன்றும் இருந்தது. குசினிக்குள் போகும் போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லுவேன். அதன் வாசனைக்கே நா ஊறும். "பச்சை அரிசி திண்டா கலியாணத்தண்டு மழ பெய்யும் புள்ள" என்று உம்மும்மா சிரிப்பார். அவரும் குமராக இருந்தபோது தின்றவராம். உம்மாவும் தின்றவராம். பரம்பரை ருசி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் இரண்டாவதாகக் கேட்ட கேள்வியே அதுதான். "மகள், அரிசி, ஐஸ், சுண்ணாம்பு, இப்படி ஏதாவது தின்ன ஆசை வருதா?" நானும் உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உடம்பில் இரும்பு குறையும்போது சிலருக்கு இப்படியான ஆசை வரும் என்று அவர் விளக்கினார். தலசீமியாக் காவியாக இருந்தாலும் செங்குருதிக் கலங்கள் சிறிதாகத் தெரியும் என்பதால், இரும்புக் கையிருப்பைக் காட்டும் பெரிட்டின் சோதனைக்கும் எழுதித் தந்தார். அது மிகவும் குறைவாக வந்தது. காரணம் இரும்புதான். குளிசை தொடங்கியது.

குளிசை பற்றி ஒரு வார்த்தை. வயிறு இறுகும், மலம் கறுக்கும். பயந்து நிறுத்திவிடும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பாடசாலையில் கிழமைக்கு ஒன்றாகத் தரும் இரும்புக் குளிசை யன்னலுக்கு வெளியே போவதையும் கண்டிருக்கிறேன். கறுப்பு நிறம் எதிர்பார்த்ததுதான் என்று டொக்டர் முன்பே சொன்னதால் நான் பயப்படவில்லை. அளவு கூடியதும் நிற்பாட்டாமல் இன்னும் மூன்று மாதம் எடுக்க வேண்டும், கையிருப்பு நிரம்ப வேண்டும் என்றார்.

பிறகு தேநீர். சோறு தின்று கை கழுவுமுன் பிளேன்டீ வந்துவிடும் வீடு எங்களுடையது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து இந்த நாடே அப்படித்தான் போலும். தேயிலையிலுள்ள பொருட்கள் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துவைத்து, உடம்புக்குள் சேரவிடாமல் செய்துவிடும். விற்றமின் சி அதற்கு எதிர்மாறு. ஆகவே இப்போது முருங்கை இலைச் சுண்டலுக்குத் தேசிக்காய்ப் புளி, சாப்பாட்டுக்குப் பின் கொய்யாவோ தோடம்பழமோ, பிளேன்டீ குறைந்தது ஒரு மணித்தியாலம் கழித்து. இந்த ஒரு மணித்தியாலம் வாப்பாவுக்குத்தான் பெரிய சோதனை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு முன்கதவடியில் இருப்பார்.

இவ்வளவும் என் கதை. இதில் பெரிதாக ஒன்றுமில்லை. குளிசை எடுத்தேன், சுகமானேன். நான் எழுத வந்தது வேறு.

ஏப்ரலில் என் அறிக்கையை மடித்துத் தரும்போது டொக்டர் உம்மாவைப் பார்த்து, "உங்களுக்கும் ஒருக்காப் பார்ப்போமே" என்றார். உம்மா சிரித்தார். "எனக்கென்ன டொக்டர், நான் நல்லாத்தான் இருக்கன்." எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. வாப்பாவின் பிரஷர் கிளினிக் புத்தகம், உம்மும்மாவின் சீனி வருத்தப் புத்தகம், தம்பியின் தொய்வுத் துண்டுகள், ஆறாம் தரத்தில் எனக்குப் போட்ட எச்பிவி தடுப்பூசி அட்டை, எல்லாம் அதற்குள் திகதி ஒழுங்கில் இருக்கும். அடுக்கி வைத்தவர் உம்மா. அவருடைய பெயரில் அதற்குள் இருந்த கடைசித் துண்டு தம்பி பிறந்தபோது எழுதியது. தம்பிக்கு இப்போது பன்னிரண்டு வயது.

உம்மா சோதனைக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பெருநாள் முடியட்டும், உம்மும்மாவின் கண் ஒப்பரேஷன் முடியட்டும், என் தவணைப் பரீட்சை முடியட்டும். ஜூலையில் என்னோடு வந்த அன்று டொக்டர் விடவில்லை. உம்மாவின் இலக்கம் 8.1. எனக்குக் கை நடுங்கியது. ஏப்ரலில் நான் 9.4இல் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். இவர் 8.1இல் எங்கள் நாலு பேருக்கும் சமைத்து, துவைத்து, உம்மும்மாவைத் தாங்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

மாதத்தில் எத்தனை நாள் என்று டொக்டர் கேட்டார். உம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் போலதான்" என்றார். அது பொய்யில்லை. எல்லோருக்கும் எத்தனை நாள் என்று அவருக்கு யார் சொன்னது? எங்கள் வீடுகளில் இதைத் தாயும் மகளும்கூடப் பேசிக்கொள்வதில்லை.

பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. நோன்பு காலத்தில் விடுபட்டவற்றை உம்மா கலண்டரின் பின்பக்கத்தில் கழா நோன்பென்று எழுதிவைப்பார். நோற்று முடித்ததும் ஒவ்வொன்றாகக் கீறுவார். பழைய கலண்டர்களைப் புத்தக உறை போடுவதற்கென்று நாங்கள் வீசுவதில்லை. எடுத்துப் பார்த்தேன். 2022இல் 6. 2023இல் 7. 2024இல் 9. இந்த வருடம் 12. அடுத்த கிளினிக்கில் அந்த நாலு இலக்கங்களையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். டொக்டர் அதைக் கனநேரம் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். கருப்பையில் கட்டி. புற்றல்ல, பல பெண்களுக்கு வருவது, மருந்து இருக்கிறது என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

35 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று சுகவனிதையர் கிளினிக் 1996இல் இருந்து இந்த நாட்டில் இயங்குகிறது. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். எங்கள் பகுதி மிட்வைஃப் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம். உம்மாவுக்கு 43 வயது. "வருத்தம் இருந்தாத்தானே போறது" என்பது அவருடைய நியாயம். எங்கள் குடும்பத்தில் உம்மும்மா களைத்தவர், சாச்சி களைத்தவர், மாமி களைத்தவர், எல்லோரும் அரிசி தின்றவர்கள். இப்படிப்பட்ட வீட்டில் களைப்பை யார் வருத்தமென்று கண்டுபிடிப்பது? என்னையும் பதினேழு வயதில் அந்த வரிசையில் சேர்த்திருப்பார்கள். ஒரு சோதனைத் துண்டு குறுக்கே வந்தது.

மீன் துண்டு பிரிக்கும் விதம் எங்கள் வீட்டில் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு நடுத்துண்டு வாப்பாவுக்கும் தம்பிக்கும், உம்மாவுக்கு ஆணம். இப்போது வாப்பாவே உம்மாவின் பீங்கானில் முதல் துண்டை வைக்கிறார். உம்மா அதைத் தம்பியின் பீங்கானுக்கு மாற்ற, தம்பி திரும்ப வைக்க, சாப்பாட்டு நேரம் நீண்டுவிட்டது.

இதையெல்லாம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுது மகள். எத்தின நாள் என்டதையும் எழுது. யாராவது தாய்மார் வாசிச்சா எண்ணிப் பாப்பாங்க" என்றார்.

டிசம்பர் முதல் கிழமையில் உம்மாவின் இலக்கம் 9.7. கழாவில் இன்னும் ஐந்து பாக்கி. பெப்ரவரியில் அடுத்த நோன்பு வருகிறதே என்று அவருக்குக் கவலை. வாப்பா மௌலவியிடம் கேட்டு வந்தார். வருத்தத்தினால் பிந்துவதில் குற்றமில்லை, டொக்டர் சொல்வதைக் கேட்கட்டும் என்றாராம். அடுத்த சோதனை ஜனவரி இரண்டாம் கிழமை, புதன்கிழமை காலை. பிஸ்கட் டின்னில் உம்மாவின் புத்தகம் இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது.