கேமரன் மலையில் சொட்டிய பெட்ரோல்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை, தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை வந்துவிட்டாலும், பழைய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வளைவுகள்தான் பிடிக்கும். லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டியதும் காற்று குளிரத் தொடங்கும். ரிங்லெட் வந்தால் பகாங் மாநிலம்.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் ஆராய்ந்த மலை இது. 1929இல் ஜே.ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து இந்தச் சரிவுகளில் தேயிலையை வளர்த்த கைகளில் நம்மவர்களின் கைகள் நிறைய. லயத்து வீடுகளும், சிறு கோயில்களும், தமிழ்ப்பள்ளிகளும் அப்படித்தான் இந்த மலைக்கு வந்தன.

பிறகு வந்தது கப்சாய். ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப்பின் வாரிசுகளுக்கு நம் நாட்டில் வாய்த்த செல்லப் பெயர் அது. 2017இல் அந்த வரிசையின் உற்பத்தி உலக அளவில் 10 கோடியைத் தொட்டது. தோட்டத்தில் அது வெறும் வண்டியல்ல. காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும், மாலையில் அரிசி மூட்டை வீட்டுக்கு வந்ததும் அதில்தான்.

என்னிடம் இருப்பது அப்பா 1978இல் வாங்கிய சி70. ரிங்லெட்டைத் தாண்டி, ஹாபு பக்கம் தேயிலைச் சரிவைப் பார்க்க நிறுத்தியபோது பெட்ரோல் வாடை அடித்தது. குனிந்து பார்த்தேன். கார்புரேட்டரோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் டேப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகி, சூடான இஞ்சின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு தீப்பொறி போதும், வண்டியே எரிந்துவிடும். டேப்பை மூடியும் சொட்டு நிற்கவில்லை.

பக்கத்து லயத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

“மொதல்ல இஞ்சின் ஆறட்டும் தம்பி. சிகரெட் பிடிக்கிறவங்க யாரையும் கிட்ட விடாதீங்க” என்றார்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு டாங்கியில் இருந்த பெட்ரோலைக் கேனில் வடித்தார். டாங்கியிலிருந்து இரண்டு குழாய்கள் வருகின்றன. ஒன்று வழக்கமான ஓட்டத்துக்கு, மற்றது ரிசர்வுக்கு. எந்தக் குழாய் எங்கே என்று அடையாளம் வைத்துவிட்டுத்தான் கழற்றினார்.

டேப்பின் முகத்தில் இரண்டு சிறிய ஸ்குரூ. “ஜப்பான் ஸ்குரூ. கண்ட டிரைவரைப் போட்டா தலை தேஞ்சிடும்” என்று பொருத்தமானதைத் தேடி எடுத்தார். உள்ளே தகடு, வளைந்த வாஷர், கைப்பிடி, அதன் பின்னால் துளைகள் கொண்ட சின்ன ரப்பர் பேக்கிங். கைப்பிடி எந்தத் துளையைத் திறக்கிறதோ அதன் வழியே பெட்ரோல் போகும். அந்த ரப்பர் வயதாகிக் கல்லாக இறுகியிருந்தது. கைப்பிடி உராய்ந்த இடத்தில் பள்ளம்.

பழைய பிஸ்கட் டின்னிலிருந்து புது பேக்கிங் ஒன்றை எடுத்தார். கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள்தான். மெல்லிய உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, கைப்பிடியின் முகத்தை மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தினார். அடியில் இருந்த வண்டல் கிண்ணத்தையும் கழுவி, அதன் ஓ-ரிங்கையும் மாற்றினார்.

“சிலிக்கான் பசை தடவினால் போதாதா ஐயா?” என்று கேட்டேன்.

“பெட்ரோல்ல அது ஊறிப் பிஞ்சு, ஜெட்டை அடைச்சிடும். ஸ்குரூவையும் ரொம்ப இறுக்கக் கூடாது. ரப்பர் பிதுங்கும், மரை போயிடும்.”

கடைசியாக இஞ்சின் எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தார். கார்புரேட்டரின் மிதவை ஊசியும் சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் உள்ளே இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும். அந்த எண்ணெயோடு ஓட்டினால் இஞ்சின் கெடும். நல்லவேளை, எண்ணெயில் வாடை இல்லை.

வேலை நடக்கும்போதே பேசிக்கொண்டிருந்தோம். மூன்று பிள்ளைகளையும் ஒரே கப்சாயில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். மூவரும் இப்போது கோலாலம்பூரிலும் ஈப்போவிலும். சரிவில் இலை வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் ஒரு இளைஞர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் கையில் வாங்கிப் பார்த்தார். “இவனுக்குத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கேன். கத்துக்கணும்னு கேக்குறவனுக்குச் சொல்ல வேண்டியதுதானே” என்றார் பெரியவர். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தேநீர்தான் கொடுத்தார்.

நம்மில் பலர் வீட்டில் தாத்தாவின், அப்பாவின் கப்சாய் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. பள்ளி விடுமுறையில் அதை வெளியே எடுக்க ஆசைப்படுகிறீர்களா? பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் நிறுத்தி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, டேப்பைத் திறந்து, அடியில் ஒரு காகிதத்தை வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் மட்டும் உதைத்துக் கிளப்புங்கள்.